எத்தனையாவது? ஆங்கில வரிசைச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். யார் முன், யார் பின், யார் மேல், யார் கீழ் என்று சொல்லவேண்டிய இடம் வந்தால் நன்றாகப் பேசுகிறவர்கள்கூடத் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வருடா வருடம் அதே சந்தேகங்கள் திரும்பி வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலோடு சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சொற்களில் ஒன்று குழப்பினால், ‘எங்கிருந்து எண்ணுகிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1. ரேங்க், ஆர்டர், கிரேடு எல்லாம் ஒண்ணுதானே சார்?

ரேங்க், ஆர்டர் இரண்டுக்கும் வேர்ப்பொருள் வரிசைதான். ரேங்க் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆர்டர் லத்தீனிலிருந்து வந்தது. புழக்கத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. ஆர்டர் என்றால் முழு அடுக்கு: அகர வரிசை, உயர வரிசை. ரேங்க் என்றால் அந்த அடுக்கில் ஒருவர் நிற்கும் இடம்.

கிரேடு என்பது லத்தீனில் ‘படி’. ஒரு படியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் என்கிறோமே, அது கிரேடு டூ. ஆயிரக்கணக்கானவர்கள் அதே நிலையில் இருக்கிறார்கள். தேர்வில் ரேங்க் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லுங்கள், கிரேடு கேட்டால் ஒரு படியைச் சொல்லுங்கள். படையிலும் காவல் துறையிலும் மட்டும் ரேங்க் என்றாலே பதவி நிலை என்று பொருள்.

2. ஃபோர்த், ஃபிஃப்த், சிக்ஸ்த்னு வருது. அப்போ ஒன்த், டூத்னுதானே வரணும்?

நல்ல கேள்வி. பதில் நம் மொழியிலேயே இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிலிருந்தே சொல்கிற நாம், ஒன்றாவது என்று சொல்லாமல் முதலாவது என்கிறோம். முதல் என்பது எண்ணிலிருந்து பிறந்த சொல் இல்லை. ஆங்கிலத்து ஃபர்ஸ்ட்டும் அப்படித்தான், ‘எல்லாருக்கும் முன்னால்’ என்ற பொருளில் பிறந்தது. ஆனாலும் நாம் ஒன்றாம் வகுப்பு என்றும் சொல்கிறோம், முதல் வகுப்பு என்றும் சொல்கிறோம். முதலாவது சிறு பிள்ளை படிக்கும் வகுப்பு, இரண்டாவது பட்டப்படிப்பில் வாங்கும் வகுப்பு. இந்த வேறுபாட்டை ஒரு சொல் மாற்றத்தில் காட்டுகிற மொழி நம்முடையது.

செகண்ட் லத்தீன் சொல். ‘பின்தொடர்வது’ என்று பொருள். அது வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் இரண்டாவதை ‘அதர்’ என்றே சொல்லிவந்தார்கள். ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று பொருள் வருவது அந்தப் பழைய வழக்கின் மிச்சம். கடிகாரத்தின் செகண்டும் இதே சொல்தான். ஒரு மணியை முதலில் 60ஆகப் பிரித்தது மினிட், அதை இரண்டாம் முறை 60ஆகப் பிரித்தது செகண்ட்.

3. ‘நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?’ இதை இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நேரான பதில்: ‘எத்தனையாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. எத்தனை என்பதற்கு ‘ஹவ் மெனி’ இருக்கிறது, எது என்பதற்கு ‘விச்’ இருக்கிறது. ஒரு வரிசையில் இடத்தைக் கேட்கும் வினாச்சொல்லை அந்த மொழி உருவாக்கிக்கொள்ளவில்லை. இதைக் கேட்கத் தெரியவில்லையே என்று வெட்கப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் கையில் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே சூழலைப் பார்த்துச் சுற்றிக் கேட்க வேண்டும். பிறந்த வரிசைக்கு ‘ஆர் யூ தி எல்டஸ்ட்?’ என்று தொடங்கலாம், அல்லது ‘வேர் டு யூ கம் இன் தி ஃபேமிலி?’ என்று கேட்கலாம். பந்தயமென்றால் ‘வாட் ப்ளேஸ் டிட் யூ கம்?’. மாடியென்றால் ‘விச் ஃப்ளோர்?’ போதும்.

சிக்கல் வருவது ‘அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?’ என்ற வகைக் கேள்வியில். விடை 11ஆவது. ‘கலாமுக்கு முன் எத்தனை பேர்?’ என்று மாற்றிக் கேட்கலாம். ஆனால் இடைக்காலத்தில் அந்தப் பொறுப்பைப் பார்த்தவர்களும் உண்டு, அவர்கள் எண்ணிக்கையில் வருவதில்லை. ஆக, மாற்றிக் கேட்டால் விடையே மாறக்கூடும். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான குழப்பம். குரோவர் கிளீவ்லண்ட் விட்டுவிட்டு இரண்டு தடவை பதவி வகித்ததால் 22ஆவதும் அவரே, 24ஆவதும் அவரே. டிரம்ப் 45ஆவது, 47ஆவது. 2009இல் பதவியேற்ற ஒபாமா, இதுவரை 44 அமெரிக்கர்கள் உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள் என்று உரையில் சொன்னார். அவர் 44ஆவது குடியரசுத் தலைவர் என்பது சரி. ஆட்களை எண்ணினால் 43 பேர்தான். எத்தனை வேறு, எத்தனையாவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

4. அமெரிக்கால ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா தரைத்தளமாமே?

ஆமாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் தரைத்தளத்தை விட்டுவிட்டு அதற்கு மேலிருந்து எண்ணுகிறோம். அமெரிக்காவில் பெரும்பாலும் தரையிலிருந்தே எண்ணுகிறார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நேர்முகத் தேர்வுக்கு மாடி மாறிப் போய்விடாதீர்கள். முன்னுரையில் சொன்ன ‘எங்கிருந்து எண்ணுகிறார்கள்’ என்ற கேள்வி இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

5. எல்டர், ஓல்டர் எதைப் போடறது? அண்ணனை எல்டர் பிரதர்னு சொன்னா தப்பா?

தப்பே இல்லை. குடும்பத்துக்குள் உறவுப் பெயருக்கு முன்னால் எல்டர் வரும்: எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர். ‘என்னைவிட மூத்தவர்’ என்று ஒப்பிடும்போது மட்டும் எல்டர் நிற்காது, அங்கே ஓல்டர்தான். ‘ஹீ இஸ் எல்டர் தேன் மீ’ என்பது நம் ஊரில் மிக அதிகமாகக் காதில் விழும் பிழை. இரண்டு பேரில் மூத்தவருக்கு எல்டர், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் எல்டஸ்ட்.

அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா என்று மூப்பை உறவுப் பெயருக்குள்ளேயே வைத்திருப்பது நம் வழக்கம். பிரதர், அங்கிள் என்ற சொற்களில் அது இல்லை. ஆகவே மூப்பு முக்கியமான இடத்தில் அதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பெரியப்பா என்பதை ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று எழுதுங்கள். ‘பிக் ஃபாதர்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

6. ‘ஒன்றுவிட்ட அண்ணன்’னா ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’தானே? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வருதே?

வார்த்தை அப்படியே வருகிறது, பொருள் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நல்ல மாணவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

நாம் ‘ஒன்றுவிட்ட’ என்று பக்கவாட்டில் விடுகிறோம். கூடப் பிறந்தவரை விட்டு ஒரு கிளை தள்ளி, அதே தலைமுறையில் இருப்பவர் ஒன்றுவிட்ட அண்ணன். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் இதில் அடங்குவார்கள். ஆங்கிலத்தில் அவர் ஃபர்ஸ்ட் கசின். இரண்டுவிட்ட என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவர்களுக்கு செகண்ட் கசின், அதாவது கொள்ளுத் தாத்தா அல்லது கொள்ளுப் பாட்டி பொதுவாக இருப்பவர்கள்.

‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்பதில் அவர்கள் மேலும் கீழுமாக விடுகிறார்கள். ஒரு தலைமுறை வித்தியாசம் இருந்தால்தான் அந்தச் சொல் வரும். உங்கள் அப்பாவின் ஃபர்ஸ்ட் கசின் உங்களுக்கு ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’. நாம் அவரைச் சித்தப்பா என்றோ மாமா என்றோ கூப்பிட்டுவிட்டுப் போகிறோம். அத்தை பிள்ளை, மாமா பிள்ளையும் ஆங்கிலத்தில் வெறும் கசின்தான். ‘கசின் பிரதர்’ இந்தியாவில் எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டு விண்ணப்பங்களில் கசின் என்று மட்டும் போடுங்கள்.

7. ‘சீனியர் தேன் மீ’ ஏன் தப்பு? ‘விட’ன்னா ‘தேன்’தானே?

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. அந்த மொழியிலேயே ‘கூடுதல் மூத்த’, ‘கூடுதல் மேலான’ என்ற ஒப்பீடு அவற்றின் வாலில் ஏறிவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு இவற்றோடு ‘தேன்’ சேர்வதில்லை, ‘டு’ சேர்கிறது: ‘ஷீ இஸ் சீனியர் டு மீ’. ‘மோர் சுப்பீரியர்’ என்பதும் இதனாலேயே பொருந்தாது. ‘ப்ரிஃபர்’ என்ற வினையும் இதே போல ‘டு’ கேட்கும்: காபியைவிட டீ பிடிக்குமென்றால் ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’.

இன்னொன்று. கல்லூரியில் ‘அவர் என் சீனியர்’ என்கிறோம். அமெரிக்காவில் சீனியர் என்றால் நான்காம் ஆண்டு மாணவர், ஜூனியர் என்றால் மூன்றாம் ஆண்டு மாணவர். அங்கே ‘மை சீனியர்’ சரியாகப் புரியாது. ‘ஹீ வாஸ் டூ இயர்ஸ் அஹெட் ஆஃப் மீ’ என்றால் எல்லா ஊரிலும் புரியும்.

8. அடிஷனல், ஜாயிண்ட், டெபுடி, அசிஸ்டெண்ட்... இவங்கள்ல யார் பெரியவர்? மனப்பாடம் பண்ண ஒரு வரிசை சொல்லுங்க.

மத்தியத் தலைமைச் செயலக வரிசையை முதலில் படியுங்கள், அது நிலையாக இருக்கிறது. செக்ரட்டரி, அடிஷனல் செக்ரட்டரி, ஜாயிண்ட் செக்ரட்டரி, டைரக்டர், டெபுடி செக்ரட்டரி, அண்டர் செக்ரட்டரி. தமிழில் செயலாளர், கூடுதல் செயலாளர், இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர், சார்புச் செயலாளர். அதாவது கூடுதல், இணை, துணை என்று இறங்கி வருகிறது. பல துறைகளில் அதற்கும் கீழே உதவி வரும்.

ஆனால் இதை எல்லா இடத்துக்கும் சூத்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னை மாநகரக் காவலில் ஆணையருக்கு அடுத்து கூடுதல் ஆணையர், அவருக்குக் கீழே இணை ஆணையர். மும்பையிலும் டெல்லியிலும் இது தலைகீழ், அங்கே இணை ஆணையர் மேலே, கூடுதல் ஆணையர் கீழே. அதே இரண்டு சொற்கள், அதே காக்கிச் சட்டை, வரிசை மட்டும் வேறு. சொல்லுக்குள் பதவியின் உயரம் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்தத் துறை எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

நாடு மாறினால் இன்னும் மாறும். நம் அண்டர் செக்ரட்டரி வரிசையின் அடியில் இருக்கிறார். பிரிட்டனின் வெளியுறவுத் துறையிலோ பெர்மனென்ட் அண்டர் செக்ரட்டரிதான் அதிகாரிகளில் தலைவர். காரணம், அங்கே செக்ரட்டரி என்றால் அமைச்சர். அந்த அமைச்சருக்கு ‘அண்டர்’ என்று எண்ணுகிறார்கள். இந்தியாவில் ஃபாரின் செக்ரட்டரி அரசு அதிகாரி, பிரிட்டனில் ஃபாரின் செக்ரட்டரி அமைச்சர். செய்தியை மொழிபெயர்க்கிறவர்கள் இந்த ஒன்றில் தவறாமல் இருந்தாலே பெரிய உதவி.

‘சப்’ என்பதைக் கண்டதும் உதவியாளர் என்று நினைக்க வேண்டாம். சப் ரிஜிஸ்ட்ரார், நம் சார்பதிவாளர், தன் அலுவலகத்துக்குத் தானே தலைவர். மாவட்டப் பதிவாளருக்குக் கீழ் வருவதால் அந்த முன்னொட்டு.

9. வைஸ் சான்சலர்னா துணை வேந்தர். அப்போ அவர் ரெண்டாவது ஆள்தானே?

பட்டியலில் இரண்டாவது, வேலையில் முதலாவது. ‘வைஸ்’ என்பது லத்தீனில் ‘ஒருவருக்குப் பதிலாக’. தீய பழக்கத்தைக் குறிக்கும் ‘வைஸ்’ வேறு வேரிலிருந்து வந்த சொல், ஒலி மட்டும் ஒன்று. வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார். அன்றாட நிர்வாகம் முழுவதும் துணைவேந்தர் கையில். வைஸ்ராயும் இப்படித்தான், அரசருக்குப் பதிலாக ஆண்டவர்.

நம் ‘துணை’ என்ற சொல்லுக்குள் வைஸும் அடங்குகிறது, டெபுடியும் அடங்குகிறது. ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பழக்கத்தில் உள்ளதைத் தனியே தெரிந்துகொள்ள வேண்டும்: துணை குடியரசுத் தலைவர் வைஸ் பிரெசிடென்ட், துணை முதலமைச்சர் டெபுடி சீஃப் மினிஸ்டர்.

10. ‘பொறுப்பு’ன்னு போர்டுல அடைப்புக்குள்ள போடறாங்களே, அதுக்கு?

‘இன்சார்ஜ்’ அல்லது ‘ஆக்டிங்’. பதவி அவருடையதாக இன்னும் ஆகவில்லை, வேலையை மட்டும் பார்க்கிறார். 3ஆம் பதிலில் சொன்ன எண்ணிக்கையில் வராதவர்கள் இவர்கள்தான்.

11. மேஜர் லெப்டினன்டைவிடப் பெரியவர். அப்போ மேஜர் ஜெனரல்தானே லெப்டினன்ட் ஜெனரலைவிடப் பெரியவர்?

தர்க்கம் சரி, வரலாறு வேறு. லெப்டினன்ட் ஜெனரல்தான் மேலே. லெப்டினன்ட் என்பது இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கை, ‘இடத்தைப் பிடித்திருப்பவர்’ என்று பொருள். தலைவர் இல்லாதபோது அவர் இடத்தில் நிற்பவர். கிட்டத்தட்ட நாம் மேலே பார்த்த ‘வைஸ்’ செய்யும் வேலையே. ஜெனரலின் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல், ஆகவே ஜெனரலுக்கு அடுத்தவர்.

மேஜர் ஜெனரலுக்குப் பழைய பெயர் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் படையில் அந்தப் பதவி மூன்றாம் இடத்தில் இருந்தது. காலப்போக்கில் சார்ஜென்ட் உதிர்ந்து, மேஜர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சார்ஜென்ட் லெப்டினன்டுக்குக் கீழே இருப்பவர், ஆகவே உதிர்ந்த சொல்லைத் திரும்ப வைத்துப் பார்த்தால் வரிசை நேராகிவிடும்.

படைகளுக்கிடையே இன்னொரு பொறி இருக்கிறது. தரைப்படை கேப்டனும் கடற்படை கேப்டனும் சமம் இல்லை. கடற்படை கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். பிள்ளை கடற்படையில் கேப்டன் என்று ஒரு பெற்றோர் சொன்னால், எத்தனை வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது என்று தெரிந்து பாராட்டுங்கள்.

12. பெனல்டிமேட்னா ‘ரொம்ப உச்சமான’னு அர்த்தமா? அல்டிமேட்டுக்கு மேலன்னு நினைச்சேன்.

இல்லை. அல்டிமேட் லத்தீனில் ‘கடைசி’. பெனல்டிமேட் கடைசிக்கு முந்தியது. பேச்சில் ‘செகண்ட் லாஸ்ட்’, ‘லாஸ்ட் பட் ஒன்’ இரண்டும் சொல்லலாம்.

இந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு நம் யாப்பு நினைவுக்கு வந்துவிடும். ஈற்றயல் என்று ஒரே சொல்லில் நம்மவர்கள் முடித்துவிட்டார்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராக வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கில யாப்பிலும் ஒலியியலிலும் பெனல்டிமேட்டைத்தான் அந்த இடத்தில் சொல்வார்கள். பெனல்டிமேட் என்றால் ஈற்றயல் என்று எழுதி வைத்துக்கொண்ட மாணவி ஒருத்தி அதை அப்புறம் மறக்கவே இல்லை.

லாஸ்ட், லேட்டஸ்ட் இரண்டும் ஒரே வேர்தான். லாஸ்ட் என்றால் இனி இல்லை, லேட்டஸ்ட் என்றால் இதுவரை வந்ததில் புதியது. உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புதுப் புத்தகத்தை லாஸ்ட் புக் என்று எழுதிவிடாதீர்கள். ஃபார்மர் (முன்னது), லாட்டர் (பின்னது) இரண்டும் இரண்டே பொருள்களைச் சொன்ன பிறகுதான் வரும், மூன்று இருந்தால் ஃபர்ஸ்ட், லாஸ்ட்.

13. ஃபர்ஸ்ட் ரன்னர்-அப்னா முதல் பரிசுதானே?

இரண்டாம் இடம். வென்றவரை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள், தரைத்தளத்தை விட்டுவிட்டு மாடியை எண்ணுவது போல. செகண்ட் ரன்னர்-அப் மூன்றாம் இடம். பன்மையில் ‘ரன்னர்ஸ்-அப்’.

14. என் ரேங்க் 500லேர்ந்து 200 ஆச்சு. ‘இன்கிரீஸ்’னு எழுதறதா, ‘டிக்ரீஸ்’னு எழுதறதா?

இரண்டையும் தொடாதீர்கள். எண் குறைந்தது, இடம் உயர்ந்தது. எதைப் போட்டாலும் படிக்கிறவர் பாதி நேரம் தவறாகத்தான் புரிந்துகொள்வார். ‘மை ரேங்க் இம்ப்ரூவ்ட் ஃப்ரம் 500 டு 200’ என்றால் சந்தேகமே வராது. ‘ரோஸ்’, ‘க்ளைம்ப்ட்’ என்றும் எழுதலாம். ஹை ரேங்க் என்றால் ஒன்றுக்கு அருகில் என்றே பொருள்.

‘ஐ ஸ்டுட் ஃபர்ஸ்ட்’ என்பதும் ‘டாப்பர்’ என்பதும் இந்திய ஆங்கிலம். உள்ளூரில் நன்றாகவே புரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது ‘ஐ வாஸ் ரேங்க்ட் ஃபர்ஸ்ட் இன் எ கிளாஸ் ஆஃப் 60’ என்று எத்தனை பேரில் முதல் என்பதையும் சேருங்கள். மூன்று பேரில் முதலும் மூவாயிரம் பேரில் முதலும் ஒன்றாகிவிடாது.

15. ரெண்டு பேர் ஒரே மார்க்குன்னா அடுத்தவருக்கு ரெண்டாவது ரேங்க்கா, மூணாவதா?

இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவது: 1, 1, 3. மற்றது, உங்களுக்கு மேலே எத்தனை மதிப்பெண்கள் என்று எண்ணுவது: 1, 1, 2. கணினியில் தரவுத்தளம் படிப்பவர்கள் முதலாவதை ‘ரேங்க்’ என்றும் இரண்டாவதை ‘டென்ஸ் ரேங்க்’ என்றும் அறிவார்கள்.

விளையாட்டில் பெரும்பாலும் முதல் முறை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஆண்கள் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாகி, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். வெள்ளி யாருக்கும் இல்லை. அடுத்து வந்த பெலாரஸ் வீரருக்கு வெண்கலம். நம் மாநிலத்துப் பொதுத் தேர்வில் இரண்டாம் முறை இருந்தது. 499 வாங்கிய எல்லாரும் முதலிடம், 498 வாங்கிய எல்லாரும் இரண்டாமிடம். 2017இலிருந்து அந்த முதல் மூன்று இட அறிவிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. அது நல்ல முடிவு என்று உறுதியாக நினைக்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வில் ‘டை’ (சமநிலை) என்று விடவே முடியாது, ஏனென்றால் இருக்கையை இரண்டாகப் பிரிக்க முடியாது. 200க்கு ஒரே கட்-ஆஃப் இருந்தால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அதிலும் பிரியாவிட்டால் பிறந்த தேதி, அங்கே வயதில் மூத்தவர் முன்னால் போவார். அதற்கும் பிறகு சமவாய்ப்பு எண். ‘ரேண்டம் நம்பர் எதுக்குக் கொடுக்கறாங்க?’ என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

16. 90 பர்சென்டைல்னா நூத்துக்குத் தொண்ணூறா?

இல்லை, இதைத் தவறாகப் புரிந்துகொண்டு அழுதவர்களையும் வீணாக மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பர்சென்ட் உங்கள் தாளைப் பற்றியது. பர்சென்டைல் உங்களைச் சுற்றியிருப்பவர்களைப் பற்றியது. 90 பர்சென்டைல் என்றால் எழுதியவர்களில் 100க்கு 90 பேர் உங்களுக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள். தாள் கடினமாக இருந்தால் பாதி மதிப்பெண்ணுக்கே 95 பர்சென்டைல் வரலாம்.

ஜேஇஇ மெயினில் ஏழு தசம இடம் வரை பர்சென்டைல் கொடுக்கிறார்கள். காரணம் எளிது. 10 லட்சம் பேர் எழுதினால் 99 பர்சென்டைலுக்கு மேலேயே ஏறக்குறைய 10,000 பேர் இருப்பார்கள். நூறிலிருந்து உங்கள் பர்சென்டைலைக் கழித்து, எழுதியவர் எண்ணிக்கையில் அத்தனை விழுக்காடு எடுத்தால் உங்கள் ரேங்க் எங்கே வரும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். நீட்டில் பொதுப்பிரிவுக்கு 50ஆவது பர்சென்டைல் தகுதி என்பதும் பாதி மதிப்பெண்ணைக் குறிக்காது. எழுதியவர்களில் மேல் பாதியில் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

17. ‘செகண்ட் டு நன்’னு பாராட்டினாங்க. ரெண்டாவதுன்னு சொல்றாங்களா?

யாருக்கும் இரண்டாவது இல்லை, அதாவது முதல். முழுப் பாராட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ‘செகண்ட் ஒன்லி டு’ என்று வந்து பின்னால் ஒரு பெயர் இருந்தால் மட்டும் அவருக்கு அடுத்த இடம்.

18. தேர்ட் கிளாஸ்னு ஏன் திட்டறாங்க? அது ரயில் பெட்டிதானே?

ரயில் பெட்டிதான். இந்திய ரயில்வே 1974இல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டது, வசவு மட்டும் தங்கிவிட்டது. பிரிட்டனில் இதன் கதை இன்னும் வினோதம். 1875இல் மிட்லண்ட் ரயில்வே தன் வண்டிகளில் இரண்டாம் வகுப்பை எடுத்தது. மற்ற நிறுவனங்களும் படிப்படியாகப் பின்தொடர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலான வண்டிகளில் முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் மட்டும் இருந்தன, நடுவில் இரண்டாவது இல்லை. 1956இல்தான் மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள். பெட்டி அதே பெட்டி, இருக்கை அதே இருக்கை.

19. மனுவில் ‘கீழ் கோர்ட்’டுக்கு லோயர் கோர்ட்னு எழுதலாமா? சபார்டினேட், இன்ஃபீரியர்... எது மரியாதை?

ஓர் அலுவலக உதவியாளர் கேட்டது. இன்ஃபீரியரை மனிதர்களுக்கோ அமைப்புகளுக்கோ போடவே வேண்டாம். தரத்தில் மட்டமானது என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. சபார்டினேட் என்பது அமைப்பில் கீழே வருவதை மட்டும் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. அரசியலமைப்பே மாவட்ட அளவிலான நீதிமன்றங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு ‘சபார்டினேட் கோர்ட்ஸ்’ என்றுதான் தலைப்பிட்டிருக்கிறது. நம் ஊர்ப் பலகைகளில் சார்பு நீதிமன்றம் என்று எழுதியிருந்ததும் அதே சொல்லின் தமிழ்தான். ‘சார்பு’ என்பது ‘கீழ்’ என்பதைவிட எவ்வளவு பண்பான சொல் என்று பாருங்கள்.

லோயர் கோர்ட் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, விசாரணை நீதிமன்றங்களை லோயர் கோர்ட் என்று குறிப்பிடுவதை நிறுத்தும்படி தன் பதிவகத்துக்குச் சொன்னது. ஆவணங்களையும் ‘ட்ரையல் கோர்ட் ரெக்கார்ட்’ என்றே குறிக்க வேண்டும் என்றது. மேல்முறையீடு அங்கிருந்து மேலே போகிறது என்பதால் அந்த நீதிமன்றம் தாழ்ந்ததாகிவிடாது. ஆகவே உங்கள் மனுவில் ‘ட்ரையல் கோர்ட்’ என்று எழுதுங்கள், தமிழில் எழுதினால் ‘விசாரணை நீதிமன்றம்’.